மரண அறிவித்தலுக்குப் பின்னால் போன இசை

கீரிமலைக் கேணியைத் தாண்டி நான் நடந்துகொண்டிருந்தபோது ஓட்டோ இன்னும் பின்னால் நின்றுகொண்டுதான் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஒலிவாங்கியை முதலாளியின் மடியில் வைத்துவிட்டு இறங்கியவன் திரும்பிப் பார்த்தால் சமாதானத்துக்கு வருகிறான் என்று ஆகிவிடும்.

அந்த ஓட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தன. அந்தப் பக்கத்து ஊர்களில் யாராவது காலமானால் வீட்டுக்காரர் எங்களிடம்தான் வருவார்கள். முதலாளி ஓட்டுவார். பின்னால் இருந்து நான் மரண அறிவித்தலை வாசிப்பேன். என் குரலுக்குக் கீழே ஒரு வெள்ளைக்கார இசை போகும். நிறைய வயலின்கள் ஒன்றாகச் சேர்ந்து, எங்கும் அவசரமில்லாதவை போல மெல்ல இழுக்கும் இசை. முதலாளி அதை எங்கிருந்தோ பிடித்துத் தொடக்கத்தை மட்டும் வெட்டி வைத்திருந்தார். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து தொடங்கும்.

அன்றைக்கு அவர் சொன்னது, நான் செத்தவனின் பெயரைச் சந்தையில் மீனை ஏலம் கூறுகிறவன் மாதிரி வாசிக்கிறேன் என்று. அதில் பொய்யில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துத் தடக்கிவிடும் என்ற பயத்தில் ஒரே ஓட்டமாக வாசித்து முடித்துவிடுவேன். ஆனால் கேணியில் குளிக்க வந்த சனத்துக்கு முன்னால் சொன்னார். இறங்கிவிட்டேன்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. மன்னாரில் உப்பு அள்ளி, வவுனியாவில் நெல் மூட்டை தூக்கி, கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியிருக்கிறேன். ஒவ்வொரு இடத்திலிருந்தும் நடந்துதான் வெளியேறினேன். பண்டத்தரிப்பில் செருப்பின் வார் அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கானையைக் கடந்தேன். வட்டுக்கோட்டையில் வெங்காயத் தோட்டங்களுக்குள்ளால் போகும் ஒழுங்கையில் ஏறியபோது வெயில் இறங்கிவிட்டது. காலையிலிருந்து தேத்தண்ணி தவிர ஒன்றும் வயிற்றில் இல்லை.

அப்போதுதான் அந்த வயலின்கள் கேட்டன. அதே இசை. ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து வந்தது.

செத்தவீட்டுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. கேள்விப்பட்டவன் போகலாம். போனவன் சும்மா நிற்காமல் கதிரை தூக்குவான், பந்தலுக்குக் கயிறு பிடிப்பான். அயலட்டையிலிருந்து தேத்தண்ணி வரும்போது அவனுக்கும் ஒன்று கிடைக்கும். புறப்படும்போது மட்டும் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். பசியோடு நடப்பவனுக்கு இது நல்ல முறை.

உள்ளே போனேன். முற்றத்தில் ஆட்கள் இல்லை. முதல் ஆளாக வந்துவிட்டேன் என்று நினைத்தேன். விறாந்தையில் நாலு பிளாஸ்டிக் கதிரைகள் கிடந்தன. அவற்றைத் தூக்கி முற்றத்தில் வரிசையாகப் போட்டேன்.

கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் வெளியே வந்தார்.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். "எத்தினை மணிக்கு எடுக்கினம், தங்கச்சி?"

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். அந்தப் பகுதியில் சாவைச் சொல்லித் திரிந்த குரல் என்னுடையது. அவர் அதை அடையாளம் கண்டுவிட்டார். அந்தக் குரல் முற்றத்தில் நின்று நேரம் கேட்டால் யார்தான் பின்வாங்கமாட்டார்கள்.

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. "இன்னும் எடுக்கிற அளவுக்கு வரேல்லை எண்டு சொல்லும். கதிரையைப் போட்டிட்டார்தானே, ஆளை இருக்கச் சொல்லும்."

உள்ளே கட்டிலில் கிடந்தவருக்கும் என் வயதுதான் இருக்கும். கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்தவர். ஊருக்கு வந்து ஓடு மாற்ற ஏறி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன ஒலிபெருக்கி. மனைவி உடுப்புத் தைப்பவர், அதிலும் கலியாணப் பெண்களுக்குச் சட்டை தைப்பதுதான் அந்த வீட்டின் சோறு. எனக்கு இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு அவர் நடந்ததைச் சொன்னார். எங்கள் ஓட்டோ ஓடத் தொடங்கிய பிறகு அந்த இசையைக் கேட்டால் சனத்துக்குச் சாவுதான் நினைவுக்கு வருகிறது. மகளின் கலியாணக் கூறைச் சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்த ஒரு தாய், வாசல் படலையில் நின்று கேட்டுவிட்டு, துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இன்னொருத்தி வரவே இல்லை. இன்றோடு இதை நிப்பாட்டுவது என்று அவர் சொல்லிவிட்டார். புருஷனும் ஓம் என்றிருக்கிறார். இயர்போனைக் காதுக்குள் வைத்துக் கேட்கலாம்தான், ஆனால் இயந்திர அறை அவருடைய காதுகளைப் பாதி தின்றுவிட்டது. காதுக்குள் வைத்தால் பூச்சி இரைவது போல இருக்கிறதாம்.

"கடைசியாய் ஒருக்கால் முழுசாக் கேப்பம்," என்றார் கட்டிலில் கிடந்தவர். "நீர் இதை முழுசாக் கேட்டிருக்கிறீரோ, ஐசே?"

இல்லை என்றேன். எத்தனையோ தரம் கேட்ட இசை, அதற்கு ஒரு முடிவு உண்டு என்றே எனக்குத் தெரியாது.

முதலாளி வெட்டிய இடத்தைத் தாண்டி அது போயிற்று. தடித்த வயலின்கள் கீழே தங்கிவிட, மெல்லியவை மட்டும் படியில் ஏறுவது போல ஏறின. ஒவ்வொரு படியிலும் நின்றன. இனி மேலே இடமில்லை என்று நினைத்த இடத்தில் இன்னும் ஒரு படி ஏறி, அப்படியே நின்றுவிட்டன. ஒரு சத்தமும் இல்லை. பழுதாகிவிட்டதாக்கும் என்று நான் ஒலிபெருக்கியைப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி மறித்தார். பிறகு கீழேயிருந்து, முதலில் கேட்ட அதே இழுப்பு திரும்பி வந்தது. ஆனால் முன்பு போலில்லை. தூரத்துக்குப் போய் வந்த ஆளின் முகம் மாதிரி இருந்தது. அதில் செத்தவன் யாரும் இல்லை. இத்தனை பேர் ஒன்றாக மூச்சடக்கி, ஒருவரையொருவர் முந்தாமல் இவ்வளவு மெல்லப் போக எவ்வளவு பலம் வேண்டும் என்று நினைத்தேன். மூட்டையை ஓடிக்கொண்டு தூக்குவது சுகம். தூக்கியபடி மெல்ல நடந்து பார்த்தால் தெரியும்.

இன்னொன்றும் போட்டார். அதில் நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி ஒரு குழல் தனியாக வந்து ஏதோ கேட்டது. மற்ற எல்லாம் நெடுநேரம் யோசித்துவிட்டுப் பதில் கூறின. எல்லாமே மெல்லப் போகிறவைதானா என்று கேட்டேன். பகல் முழுக்க இயந்திரம் அடித்த காதை இவைதான் கழுவின என்றார்.

மனைவி கதவடியில் தைத்த சட்டைக்குக் கொளுக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஊசி நின்றிருந்தது. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"இந்தப் பாட்டோடை எனக்கொரு கோபமும் இல்லை, அண்ணை," என்றார். "உங்கடை ஓட்டோ இதைப் போடாமல் விட்டால், நானும் இவரை நிப்பாட்டச் சொல்லமாட்டன். சனம் மறக்கக் கொஞ்சக் காலம் எடுக்கும். அதுவரைக்கும் யன்னலைச் சாத்திப் போட்டுக் கேக்கட்டும்."

அது இப்போது என் ஓட்டோ இல்லை என்று நான் சொல்லவில்லை.

விறாந்தையில் படுத்தேன். விடிந்ததும் கதிரைகளைப் பழைய இடத்தில் வைத்தேன். படலையில் நின்று, உள்ளே படுத்திருப்பவருக்கும் கேட்கும்படியாக, "போயிட்டு வாறன்," என்றேன். அது செத்தவீடு இல்லையே.

திரும்பிச் சங்கானைக்கு நடந்தபோது முதலாளி தன் வீட்டு வாசலில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் காணாத மாதிரி கண்ணாடியைத் துடைத்தார். வாசிக்கத் திரும்பி வாறன், ஆனால் அந்த இசை வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"பாட்டில்லாமல் சனம் எப்பிடியடா கவனிக்கும்?"

"நிப்பாட்டி நிப்பாட்டி வாசிக்கிறன், அண்ணை. இடையிலை ஒரு சத்தமும் இல்லாட்டித்தான் கவனிப்பினம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மீன் வித்தியெண்டால் உன்னை நடு ரோட்டிலை இறக்கிவிடுவன். இந்த முறை நீயா இறங்கத் தேவையில்லை."

சுழிபுரத்துச் செத்தவீட்டுக்காரர் கொடுத்த தாளை நீட்டினார். பின்னால் ஏறினேன். முதல் சந்தியில் ஓட்டோ மெதுவாகியது. பெயரை வாசித்தேன். வாசித்துவிட்டு நிறுத்தினேன், அந்த வயலின்கள் மேலே போய் நின்றதைப் போல. சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றினார். குழாயடியில் நின்ற பெண் பைப்பைப் பூட்டினார். முதலாளியின் கை இசையைப் போடும் பொத்தான் வரை போய்விட்டுத் திரும்பியது. பிறகுதான் அடுத்த வரியை வாசித்தேன்.