இந்த வருடம் வேளாங்கண்ணி இல்லை, கல்வராயன் மலை

நவம்பர் ஒன்றாம் தேதி எங்கள் ஊருக்கு மட்டும் விடுமுறை. புதுச்சேரி விடுதலை நாள். எல்லையைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டில் அது சாதாரண வேலை நாள். பள்ளிக்கூடம் உண்டு, ஆபீஸ் உண்டு. அந்தத் தேதி வார நாளில் வந்தால் எந்தச் சுற்றுலா இடத்துக்குப் போனாலும் கூட்டம் இருக்காது. புதுச்சேரிக்காரர்கள் இதை ஏன் பயன்படுத்திக்கொள்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் பயன்படுத்திக்கொண்டோம்.

நாங்கள் என்றால், ரெட்டியார்பாளையத்தில் பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்க்கும் பதினோரு பெண்கள். எல்லோரிலும் சின்னவள் நான், பதினெட்டு வயது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே பட்டன் தைக்க உட்கார்ந்தேன். இப்போது காலர் வரைக்கும் வந்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை எல்லோரும் காசு போட்டு ஒரு நாள் டூர் போவோம். ஒரு வருடம் வேளாங்கண்ணி, அடுத்த வருடம் சமயபுரம். மாதாவுக்கும் அம்மனுக்கும் முறை மாறியதே இல்லை.

நான் அதிகம் பேச மாட்டேன். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தாலே சொல்ல வந்தது தொண்டையில் நின்றுவிடும். அதனால் எனக்கு வாட்ஸ்அப் குரூப்தான் வாய். ஒரு ராத்திரி துணிந்து மலைச் சாலை படம் ஒன்றை குரூப்பில் போட்டு, வழியில் என்னென்ன இடங்கள் இருக்கின்றன, எத்தனை கிலோமீட்டர், வேன் வாடகை எவ்வளவு என்று எழுதி, கடைசியில் ‘கல்வராயன் மலை போலாமா?’ என்று கேட்டேன். காலையில் பார்த்தால் எட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

பிலோமினா அக்கா தூக்கவில்லை. அவர்தான் துணி வெட்டுபவர். யூனிட்டில் அவர் வெட்டியதுதான் அளவு, சொன்னதுதான் முடிவு.

“சாமி இல்லாத எடத்துக்கு எதுக்குடி டூரு?”

“காத்து வாங்கத்தான்க்கா,” என்றார் பக்கத்து மெஷின் ஜோதி அக்கா.

“காத்து வாங்க நம்ம பீச்சு இல்லியா? பத்து ரூவா பஸ்சுல போய்ட்டு வந்துடலாம்.”

எட்டுப் பேரை மீற முடியாமல் கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. “வர்றேன். புடிக்கலனு வையி, இனிமே எந்த வருஷமும் மலைன்னு ஒருத்தியும் வாயத் தெறக்கக் கூடாது. அப்புறம், மறுநாளு கல்லறைத் திருநாளு. எங்க வீட்டுக்காரருக்குப் பூ வாங்கணும். எட்டு மணிக்குள்ள என்ன ஊருல எறக்கி வுட்டுறணும்.”

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம்தான். போகிற வழியிலோ வருகிற வழியிலோ யாராவது ‘வேளாங்கண்ணிக்கே போயிருக்கலாம்’ என்று சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் மலை எனக்கு முடிந்தது.

பன்னிரண்டு சீட் வேன் பேசினோம். டீசலோடு சேர்த்து 9,350 ரூபாய், ஆளுக்கு 850. டிரைவர் ரவி அண்ணன் முதல் நாளே ஊரில் டேங்கை நிரப்பிவிட்டார். எல்லை தாண்டினால் டீசல் விலை கூடும் என்பது புதுச்சேரி டிரைவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. காலை நான்கரைக்குக் கிளம்பினோம்.

எங்கள் ஊர் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் எல்லையில் சும்மா விட மாட்டார்கள், உள்ளே பாட்டில் இருக்குமோ என்று. செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் டார்ச் அடித்து எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தார்.

“என்னம்மா, எந்தக் கோயிலு?”

“கோயிலு இல்ல சார். கல்வராயன் மலை,” என்றார் பிலோமினா அக்கா.

“அங்க என்ன கோயிலு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன். ரவி அண்ணன் “டூரு சார்” என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

“பாத்தியா, போலீசுக்கே சந்தேகம் வருது,” என்றார் பிலோமினா அக்கா.

“கோயிலு இல்லன்னு சொல்லாதக்கா,” என்று பதறினார் ஜோதி அக்கா. “எங்க வீட்டுல பெருமாள் கோயில்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மலைன்னா ஒரு பெருமாளு கூடவா இருக்க மாட்டாரு?”

விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி. சாலை நன்றாக இருக்கிறது. ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் இட்லி, பூரி சாப்பிட்டோம். பஸ் ஸ்டாண்ட் பக்கமே நிறைய ஓட்டல்கள் உண்டு. வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், வளைவுகள் இருக்கின்றன. அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக கோமுகி அணை. எட்டு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். அணை மலையடிவாரத்தில் இருக்கிறது. தண்ணீருக்குப் பின்னால் பச்சையாக மலை எழுந்து நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து விளையாட ஒரு பூங்கா. என் திட்டத்தில் முதல் இடம் அதுதான்.

பூங்கா பூட்டியிருந்தது. தவறு என்னுடையது. சீக்கிரம் வந்தால் கூட்டம் இருக்காது என்று யோசித்தேனே தவிர, சீக்கிரம் வந்தால் திறந்திருக்காது என்று யோசிக்கவில்லை. பதினோரு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் இருந்த ஊஞ்சலைப் பார்த்தோம்.

“மாதா கோயிலு என்னைக்காவது பூட்டி இருந்து பாத்திருக்கியா?” என்று கேட்டார் பிலோமினா அக்கா. யாரையும் குறிப்பாகக் கேட்கவில்லை. அப்புறம் அந்த வாக்கியம் வந்தது. “வேளாங்கண்ணிக்கே போயிருக்கலாம்.”

மணி எட்டு கூட ஆகவில்லை.

அணையைத் தாண்டியதும் வனத்துறை செக்போஸ்ட். பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாம் பார்க்கிறார்கள். எவர்சில்வர் தூக்கிலும் துணிப்பையிலும் கொண்டு போனால் நிம்மதி. அதற்கு மேல் மலைச் சாலை. எங்களில் ஏழு பேர் அதுவரை மலை ஏறியதே இல்லை. தரை மட்டத்தில் பிறந்து, தரை மட்டத்திலேயே தைத்துக்கொண்டிருப்பவர்கள். முதல் கொண்டை ஊசி வளைவில் வேன் திரும்பியபோது எல்லோரும் ஒரே பக்கம் சரிந்து ஒரே குரலில் “ஐயோ” என்றோம். மூன்றாவது வளைவில் அது சிரிப்பாகிவிட்டது. ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டே போனோம். யாரும் வாந்தி எடுக்கவில்லை. அதை முதல் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

மழை பெய்து ஓய்ந்த வாரம். பாறைகளில் தண்ணீர் வழிந்தது, கீழே அணை ஒரு தட்டு மாதிரி சிறியதாகிக்கொண்டே போனது. ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். குளிர்ந்த காற்று. பிலோமினா அக்கா சேலைத் தலைப்பைக் காதோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு கீழே அணையையே பார்த்தார். திட்டவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்து பெரியார் நீர்வீழ்ச்சி. நான் இந்த டூரையே அதை நம்பித்தான் போட்டேன். சாலையை ஒட்டியே இருக்கிறது என்று படித்திருந்தேன். மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து குரூப்பில் எழுதினேன்: ‘அருவி வருது, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க.’ அனுப்பினேன். ஒரு போனிலும் சத்தம் வரவில்லை. மெசேஜுக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரம் அப்படியே நின்றது. சிக்னல் இல்லை. மேப்பும் நின்றுபோயிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பெயர்ப்பலகை தெரிந்தது. வண்டி குறையாத வேகத்தில் அதைத் தாண்டியது. யாரும் பார்க்கவில்லை. இதையும் விட்டுவிட்டால் இன்றைக்கு மட்டுமில்லை, இனி எந்த வருடமும் மலை கிடையாது.

“அண்ணா, நிறுத்துங்க! அருவி!”

அது என் குரல்தான் என்று எனக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. பாட்டு நின்றது. பதினோரு பேர், டிரைவரோடு சேர்த்து, திரும்பிப் பார்த்தார்கள்.

“அது சும்மா தண்ணி ஒழுவுற எடம்மா,” என்றார் ரவி அண்ணன் கண்ணாடியில் பார்த்து. “வரும்போது பாத்துக்கலாம்.”

“வரும்போது நேரம் இருக்காதுண்ணா. அக்காவ எட்டு மணிக்குள்ள எறக்கணும். இப்பவே நிறுத்துங்க.”

அவர் சற்று தள்ளி அகலமான இடத்தில் ஓரம் கட்டினார். பிலோமினா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏ புள்ள, ஒனக்குத் தொண்டை இருக்குதா?” என்றார். “நீ கத்துன கத்துக்கு நானே பிரேக்க மிதிச்சுட்டேன்டி, காலடியில ஒண்ணுமே இல்லாம.”

திரும்பி நடந்து இறங்கினோம். பாதை வழுக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். சத்தம் முதலில் வந்தது, அப்புறம் ஈரக் காற்று, அப்புறம் அருவி. நல்ல தண்ணீர். எங்களையும் நெல்லிக்காய் விற்கும் ஒரு மலைக்கார அம்மாவையும் தவிர ஓர் ஆள் இல்லை. விடுதலை நாள் வாழ்க.

அங்கே நாங்கள் செய்ததை எழுதாமல் இருக்க முடியாது. பதினோரு பேரும் உடை நனைய இறங்கி, வரிசையாக நின்று, கையோடு கை கோர்த்து, கால்களை அகட்டி ஊன்றி, அருவியைப் பார்த்து நின்றோம். அலைக்காகக் காத்துக்கொண்டு. கடலில் அப்படித்தான் நிற்போம், அலை இழுத்தால் ஒருத்தியை ஒருத்தி பிடிக்க வேண்டுமே. கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருப்போம்.

நெல்லிக்காய் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கடலுக்காரங்களா நீங்க? கைய வுட்டுட்டு உள்ள போங்கம்மா. இன்னைக்கி இருக்கிற தண்ணி யாரையும் இழுக்காது!”

முதலில் கையை விட்டது பிலோமினா அக்கா. நேராகப் போய் தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்தார். குளிரில் ஒரு கத்து கத்தினார் பாருங்கள், நான் வேனில் கத்தியதெல்லாம் ஒன்றுமில்லை. அரை மணி நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. ஜோதி அக்கா கூப்பிட்டதற்கு, “நீ போ, நான் பொறவு வர்றேன். முப்பது வருஷமா குனிஞ்சு வெட்டுன முதுகுடி இது, நல்லா அடிக்கட்டும்” என்றார்.

அதற்கு மேல் நான் கடைசி சீட்டுக்குப் போகவில்லை. மேப் இல்லாததால் டிரைவர் பக்கத்து சீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். வழி முழுவதும் எனக்கு மனப்பாடம். வெள்ளிமலையில் சாப்பாடு, அளவுச் சாப்பாடு நூறு ரூபாய். அங்கிருந்து கரியாலூர். மரங்களுக்கு நடுவே ஏரி, படகு, பூங்கா. நான்கு பேர் மிதிக்கும் படகுக்கு அரை மணி நேரம் இருநூறு ரூபாய் கொடுத்தோம். இந்த முறை திறந்திருந்தது. பிலோமினா அக்கா என் படகில் ஏறி மிதிக்கவே இல்லை. “நீ மிதி. நீதான கூட்டிட்டு வந்த” என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அருகிலேயே பெருமாள் கோயிலும் இருந்தது. ஜோதி அக்கா நெற்றி நிறைய நாமத்தோடு நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினோம். அணைக்குப் பக்கம் வந்ததும் எல்லாப் போன்களும் உயிர் பெற்றன. ஒரே நேரத்தில் பத்துப் போனிலும் டிங் என்று மணி அடித்தது. காலையில் நான் அனுப்பியது. ‘அருவி வருது, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க.’

“டிரைவரு, நிறுத்துப்பா!” என்று கத்தினார் பிலோமினா அக்கா. “எறங்குங்கடி எல்லாரும், அருவி வருதாம்!”

கள்ளக்குறிச்சி வரை சிரிப்பு அடங்கவில்லை. விழுப்புரம் தாண்டி டீக்கு நிறுத்தியபோது கடைக்காரர் வேன் ஜன்னல்களில் காயப்போட்டிருந்த எங்கள் ஈரத் துணிகளைப் பார்த்துவிட்டு, “எந்தக் கோயிலுக்குப் போய்ட்டு வர்றீங்கம்மா?” என்று கேட்டார்.

“கோயிலுக்குப் போனாத்தான் துணி நனையுமா?” என்றார் பிலோமினா அக்கா. “மலைக்குப் போனோம்யா. அருவிக்கு. வருஷா வருஷம் போவோம்.”

‘வருஷா வருஷம்’ என்று அவர் வாயால் சொன்னதை நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஏழே முக்காலுக்கு அவரை ரெட்டியார்பாளையத்தில் பூக்கடை வாசலிலேயே இறக்கிவிட்டோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீர் நன்றாக இருக்கும், ஆனால் பலத்த மழை என்றால் அருவியில் இறங்காதீர்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி, டவல், எலுமிச்சம்பழம் கட்டாயம். டவலை மறந்த ஐந்து பேர் என் ஒரே டவலில் துவட்டினார்கள். சொந்த வண்டி என்றால் இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று ரவி அண்ணன் சொல்லச் சொன்னார். அணைப் பூங்காவுக்கு ஒன்பது மணிக்கு மேல் போங்கள், அல்லது திரும்பும்போது பாருங்கள். மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பெரியார் நீர்வீழ்ச்சிப் பலகை சட்டென்று வந்துவிடும். அந்த இடத்தில் மெசேஜ் போகாது. வாயைத் திறந்து சொல்லுங்கள்.