பல்லி வைத்த தீ

எங்கள் அப்பா பதறி நான் பார்த்ததே இல்லை. லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்று, அவரும் உள்ளே மாட்டிக்கொண்டார். ஆட்கள் வந்து கதவைப் பிளந்து பார்த்தால், மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துகொண்டிருந்தாராம். எதற்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "ஆகட்டும், பாத்துக்கலாம்." நான் பிறந்த செய்தியைச் சொன்னபோதும் அதையேதான் சொன்னார் என்று அம்மா இன்றுவரை குத்திக்காட்டுவாள். அப்படிப்பட்டவரை என் தங்கை செருப்புகூட இல்லாமல் தெருவில் ஓட வைத்தாள். இந்தக் கதையை எங்கள் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு கை மசாலா சேர்த்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வருகிறது. நானே சொல்லிவிடுகிறேன்.

தங்கைக்கு வீட்டில் பல்லி என்று பெயர். எந்நேரமும் கம்ப்யூட்டர் திரையில் ஒட்டிக்கொண்டிருப்பாள், கூப்பிட்டால் 'ச்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். பல்கலைக்கழகத்தில் அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் படிக்கிறாள். அதாவது இல்லாத மழையைப் பெய்ய வைப்பது, நிற்கிற கட்டடத்தை இடிப்பது. அப்பாவுக்கு அது 'பொம்மைப் படிப்பு'. "அவ இஷ்டப்பட்டதைப் படிக்கட்டும்" என்று அம்மா வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள். சேர்த்ததும் சேர்த்தார்கள், அன்றிலிருந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நேர்ப்பேச்சு இல்லை. "உங்கப்பாவை சாப்பிட வரச் சொல்லு" என்பாள் இவள். "பசியில்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார் அவர். ஒரே அறைக்குள் உட்கார்ந்துகொண்டு! நடுவில் நான் ஒருத்தி தபால்காரி.

இந்தப் பருவத்துக்குப் பல்லி செய்ய வேண்டியது ஒரே ஒரு ஷாட். நிஜமான வீட்டைப் படம் எடுத்து, அதில் பொய்யான தீயை வைக்க வேண்டும். பாவி, எங்கள் வீட்டையே எடுத்தாள். எதிர்வீட்டு மதில் ஓரம் முக்காலியில் கேமராவை நிறுத்தி, எங்கள் சமையலறை ஜன்னலைப் பிடித்தாள். மாதக்கணக்காக அந்த ஜன்னலில் தீ வைப்பதும் அணைப்பதும்தான் வேலை. மதிப்பீட்டுக்குக் கொண்டுபோனால் அவளுடைய ஆசிரியர் பார்த்துவிட்டு, "தீ நல்லாருக்கு. புகையும் நல்லாருக்கு. ஆனா பயம் வரலையேம்மா" என்று சொல்லி ஃபெயில் போட்டுவிட்டார். மறுமுறை காட்ட ஒரு வாய்ப்பு கொடுத்தார். அப்பாவும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டார், என் வழியாகத்தான்: "இதுலயும் தேறலைன்னா மூட்டையைக் கட்டிட்டு எங்க ஆபீஸ்ல ஃபோன் எடுக்கிற வேலைக்கு வரச் சொல்லு." அப்பா கத்திச் சொன்னால் பயமில்லை. அமைதியாகச் சொன்னார். அன்றிலிருந்து பல்லி சரியாகச் சாப்பிடவில்லை.

வெளிச்சம் சரியில்லை என்று ஜன்னலை மறுபடி படம் எடுத்தாள். அதன்மேல் புதுத் தீயை வைத்தாள். நாளைக்கு மறுமதிப்பீடு என்ற நிலையில், காலையில் ஷாட் முடிந்தது. நண்பர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும் என்று வகுப்புக் குழுவுக்கு அனுப்பினாள். அனுப்பியதாக நினைத்தாள். ஃபோனை அணைத்து சார்ஜில் போட்டுவிட்டு, குப்புற விழுந்து தூங்கிவிட்டாள்.

அது வந்து விழுந்த இடம் எங்கள் குடும்பக் குழு. பெரியப்பா தினமும் பூப்படம் போட்டு காலை வணக்கம் சொல்கிற குழு. அன்றைய ரோஜாவுக்குக் கீழே எங்கள் வீடு எரிந்தது.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு பெரியவரின் மூக்கில் ஃபிரேமை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஜன்னல். கீழே வெடிப்பு விட்ட சுவர், அதே பச்சைக் கம்பி. கம்பிக்கு நடுவே தீ நாக்கை நீட்டுகிறது. புகை சுருண்டு சுருண்டு கூரைக்குப் போகிறது. அதற்குப் பின்னால் அம்மா. என் அம்மாவேதான், அந்தக் கொண்டை எனக்குத் தெரியாதா? ஒரு துணியைப் பிடித்து இப்படியும் அப்படியும் வீசுகிறாள், யாராவது வாங்களேன் என்று கூப்பிடுகிற மாதிரி. அதோடு முடிந்துவிட்டது.

ஐயோ! எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாவுக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. பல்லிக்கு அடித்தேன், ஃபோன் அணைக்கப்பட்டிருக்கிறது. அப்பாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. என் தங்கை இதைத்தான் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இதே ஜன்னலில் தீ வைக்கிறாள் என்றும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அம்மாவைப் பார்த்த பிறகு எல்லாம் மறந்து போயிற்று. பெரியவரை மூக்கில் ஃபிரேமோடு விட்டுவிட்டு, முதலாளியின் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன்.

தெருமுனைக்குள் ஸ்கூட்டர் நுழையவில்லை. தீயணைப்பு வண்டி குறுக்கே நின்றது. பெரியப்பா ஃபோன் போட்டு வரவழைத்திருக்கிறார், அந்த மட்டுக்கும் பூப்படத்தைத் தாண்டி உருப்படியான ஒரு காரியம். இரண்டு தெரு தள்ளி இருக்கிற அத்தை ஈரப் போர்வையோடு வந்து "என் தம்பி குடும்பமே போச்சே!" என்று மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்து ஜனம் வாளியும் குடமுமாக நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீடு எப்போதும் போல, அதே அழுக்கு வெள்ளையில், சிவனே என்று நின்றுகொண்டிருந்தது. ஒரு பொட்டுப் புகை இல்லை.

வாசல் கதவின் பக்கவாட்டுக் கண்ணாடி மட்டும் உடைந்து கிடந்தது. அப்பா உடைத்தது. எங்கள் கதவு இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். செருப்பையும் சாவிப் பையையும் வேலையிடத்து லிஃப்ட் மோட்டார் அறையிலேயே விட்டுவிட்டு ஓடி வந்ததால், கையை முஷ்டியாக்கிக் கண்ணாடியைக் குத்தி, உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறார். ஜன்னல் முழுசாக இருப்பதை அவருடைய கண் பார்த்திருக்கும். புத்திக்குப் போகவில்லை.

உள்ளே நான் கண்ட காட்சியை எப்படிச் சொல்ல? தலையில் நனைந்த சாக்கு, முழங்கை வரை ரத்தம், அரைத்தூக்கத்தில் இருந்த பல்லியைத் தோளில் மூட்டை மாதிரி போட்டுக்கொண்டு அப்பா அறை அறையாக ஓடிக்கொண்டிருந்தார். பல்லி தலைகீழாகத் தொங்கியபடி, "அப்பா, விடுப்பா, என்னப்பா ஆச்சு?" என்று கதறுகிறாள்.

"அம்மா எங்கடீ?"

"கடைக்குப் போயிருக்காங்கப்பா!"

"பொய் சொல்லாத! நான் பாத்தேன். ஜன்னல்ல நின்னா. துணியை வீசினா!"

சமையலறையில் யாரும் இல்லை. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அலமாரியின் மேல் அம்மாவின் ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா அலமாரிக் கதவைக்கூடத் திறந்து பார்த்தார், உள்ளே ஆள் இருக்க முடியும் என்பது போல. அப்புறம் அம்மாவின் பேரைச் சொல்லிக் கத்தினார். 'இந்தா', 'ஏய்', 'உங்கம்மா' எல்லாம் கேட்டிருக்கிறேன். அவர் வாயிலிருந்து அந்தப் பேரை என் ஆயுசில் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன்.

"யாருய்யா என் கதவை உடைச்சது?"

வாசலில் அம்மா. ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் கண்ணாடித் துண்டு. "நல்ல கண்ணாடியாச்சே! எந்தக் கட்டையில போறவன்..." என்று ஆரம்பித்தவள் அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். அப்பா பல்லியைத் தொப்பென்று சோபாவில் போட்டுவிட்டுப் போய் அம்மாவின் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோளைத் தொட்டார். கன்னத்தைத் தொட்டார், ரத்தம் ஒட்டிக்கொண்டது. மறுபடி அந்தப் பேரைச் சொன்னார், இப்போது மெதுவாக. அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இவருக்கு என்னடி ஆச்சு?" என்று என்னிடம் கேட்டாள். பழக்கதோஷம்.

தீயணைப்பு அதிகாரி பல்லியைப் பிடித்து ஏறு ஏறென்று ஏறினார். "விளையாட்டாம்மா இது? அங்க நிஜமா எரிஞ்சிருந்தா நாங்க எப்படிப் போயிருப்போம்?" அவள் தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். திட்டி முடித்ததும், "எங்க, அதை இன்னொரு தடவை போடு" என்றார். பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு போனார்.

பல்லி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. "அக்கா, இதுல அம்மா இருக்காங்களா?"

"என்னடி கேள்வி? நீதானே செஞ்ச?"

"சத்தியமா நான் பாக்கலைக்கா. நான் தீயை மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன்."

எத்தனையோ நூறு தடவை அந்த ஷாட்டை ஓட்டிப் பார்த்தவள்! தீயின் ஓரம், தீயின் நிறம், புகை கம்பியில் மோதித் திரும்புகிற விதம், எல்லாம் தெரியும். பெற்ற தாய் நடுவில் நிற்பது தெரியவில்லை. படம் எடுக்கும்போது அம்மாவை வெளியே வரச் சொல்லித்தான் இருக்கிறாள். "வந்தேனே! பால் பொங்குதேன்னு திரும்ப ஓடினேன். துணியால விசிறி அடக்கினேன், அது ஒரு குத்தமா?" என்றாள் அம்மா.

அப்பாவின் கையில் தையல் போட்டுக் கூட்டி வந்தேன். சாயங்காலம் டீ கொடுத்தால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அடிபடாத கைதான், அதுவே நடுங்கியது. எந்த மாடி உயரத்தில் நின்றும் திருகாணி முடுக்குகிற கை. "ஆகட்டும், பாத்துக்கலாம்" என்று ஒரு தடவை சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கு அழுகையாக வந்தது. அவர் சொல்லவில்லை. அம்மா டம்ளரை வாங்கி, தானே ஊட்டிவிடுகிற மாதிரி அவர் வாயில் வைத்தாள்.

பல்லி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தாள். முதலில் துணி போயிற்று, அப்புறம் கொண்டை.

"பைத்தியமாடி உனக்கு? பயம் வரலைன்னு சொன்ன ஆள் இதைப் பாத்தா வாயடைச்சுப் போயிடுவாரு! இதுதான்டி உன் மார்க்கு!"

"தெரியும்க்கா" என்றாள். "அப்பா கையைப் பாத்தியா? இதை நான் காட்ட மாட்டேன்."

அவள் சொன்னதை அப்படியே அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன், தபால்காரி வேலைதானே. மறுநாள் பல்லி வெறும் ஜன்னலைக் கொண்டுபோனாள். ஆசிரியர் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "தீ ரொம்ப நல்லாருக்கும்மா. ஆனா..." என்றார். அவர் முடிக்கும் முன் வகுப்பறைக் கதவு திறந்தது. கட்டுப் போட்ட கையோடு அப்பா. அதுவரை அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதிக்காதவர். படிப்பை நிறுத்தி அழைத்துப் போகத்தான் வந்துவிட்டார் என்று நினைத்து, பல்லி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம்.

"சார், பயம் வரலைன்னு சொன்னீங்களாமே" என்றார் அப்பா. "என்னைக் கேளுங்க."

குடும்பக் குழுவில் எல்லாரும் அந்த வீடியோவை அழித்துவிட்டோம். அவர் அழிக்கவில்லை. ஃபோனை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆசிரியர் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார்.

"சார்... யார் சார் அந்த அம்மா?"

"என் சம்சாரம்" என்றார் அப்பா. "வீட்டுல நல்லாத்தான் இருக்கா. இவ என் பொண்ணு. இவ இங்கயே படிக்கட்டும்."