எங்கள் குரலைப் பிடித்த ரேடியோ

தொண்ணூறுகளில் ஜாசினில் எங்கள் தாமான் குடியிருப்புக்குக் கம்பியில்லாத் தொலைபேசி வந்தபோது, முதலில் வாங்கியவர்களில் நாங்களும் உண்டு. சமையலறையிலிருந்தே சுங்கை ரம்பாயில் இருக்கும் தங்கையுடன் பேசலாம். என் மகளுக்குச் சிறு வயதில் வலிப்பு இருந்ததையும், மருந்து இன்னும் தொடர்வதையும் அதில்தான் அவளிடம் சொல்லி அழுதேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வாரத்தில், நிச்சயம் வரை வந்த அலோர் காஜா மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திரையாமே?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார். அவை நான் போனில் சொன்ன வார்த்தைகள். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு மலாக்கா டவுனில் ஒரு பழைய ரேடியோக் கடைக்குப் போனேன். தங்கை யாரிடமும் வாய் திறக்கவில்லை; கம்பியில்லாமல் எங்கள் குரல் காற்றில் போகிறது என்றால் அதைப் பிடிக்கும் ரேடியோ எது என்று தெரிய வேண்டும். கடைக்காரத் தவுக்கேயின் தொலைபேசி இணைப்பில் என் போனைப் பொருத்தி, தங்கையைப் பேசிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ரேடியோவாகத் திருகினேன். பளபளப்பான புதியது எஃப்.எம். மட்டும்தான் பாடியது. அடுத்ததன் அலைவரிசை முள் ஆயிரத்து அறுநூறோடு நின்றுவிட்டது. மூலையில் கிடந்த பழைய பெட்டியின் முள் மட்டும் அதையும் தாண்டி ஒரு விரல்கடை போனது. அங்கே என் தங்கை, மீன் விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

அதை வாங்கி வந்தேன். வீட்டுக்காரரைப் போனில் பேச வைத்துவிட்டு, துண்டுக்குள் ரேடியோவை மறைத்துக்கொண்டு பின் லோரோங் சந்தில் நடந்தேன்.

"உங்க அக்கா ரேடியோவ தூக்கிக்கிட்டு லோரோங்குல அலையிறாம்மா," என்று அவர் என் தங்கையிடம் சொல்வது கணீரென்று கேட்டது.

"அது இப்பத்தான் தெரியுமா மாமா?" என்று அவள் சிரித்தாள்.

பின்வீட்டு அக்காவின் அடுப்படி ஜன்னல் வரை குரல் குறையவே இல்லை. உள்ளே, எஸ்டேட்டிலிருந்து அவர் கொண்டுவந்த ரேடியோ இருந்தது. என்னுடையதைப் போலவே பழைய பெட்டி. மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் தூரத்துச் சொந்தம்.

சத்தம் போட்டிருந்தால் மகளின் விஷயம் தாமான் முழுக்கத் தெரிந்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் அவர் இருந்தார். அதனால் தங்கையும் நானும் நேரில் கூடிப் பேசி வைத்துக்கொண்டு, பிறகு போனில் நடித்தோம். "அக்கா, எங்க ஊரு முனியாண்டி கோயில்ல சாமி வந்து நம்பர் குடுத்திருச்சு, யாருகிட்டயும் சொல்லாத லா," என்று லாட்டரிக்கு நாலு எண்களைக் கிசுகிசுத்தாள்.

குலுக்கல் முடிந்த மறுநாள் பசாரில் மீன் கடை முன்னால் அந்த அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க தங்கச்சி ஊரு சாமிக்கு ஒண்ணும் தெரியல லா! எங்க வீட்டுக்காரரு கைக்காசெல்லாம் அதுலயே கட்டிட்டாரு." எண்ணையும் சொன்னார்.

"அது சாமி குடுத்ததில்லக்கா. எங்க வீட்டு போன் நம்பரோட கடைசி நாலு," என்றேன். "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

மீன் கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அக்கா மீனை வாங்காமலே போனார். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியாக மீன் குழம்பு வைத்ததில்லை.

அடுத்த வரன் வந்தபோது, யாரோ சொல்வதற்குள் நானே சொல்கிறேன் என்று மகள் எல்லாவற்றையும் அந்தப் பையனிடம் சொன்னாள். அவன் மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டான். தேதி குறித்தார்கள்.

எங்கள் வரிசையிலும் பின் வரிசையிலும் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தேன், ஒரு வீட்டைத் தவிர. அன்று மாலை, கம்பி போன் வாங்கிய பிறகு மூலையில் போட்டிருந்த அந்தக் கம்பியில்லாப் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டேன். முகூர்த்த நேரம், மண்டபம், மாப்பிள்ளையின் வேலை, எல்லாவற்றையும் நிதானமாக, தெளிவாக, இரண்டு தடவை சொன்னேன்.