இத்தாலியன் படித்த மூன்று வருடம்

தங்கை இத்தாலியிலிருந்து அனுப்பிய பார்சலில் அந்தப் புத்தகம் இருந்தது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் இத்தாலியன் படிப்பதற்காக எழுதப்பட்டது. நான் ஜெயபுரத்தில் அம்மாவோடு இருந்துகொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் என்பதால் அதைத் தேடி வாங்கியிருந்தாள்.

"அக்கா, நீங்கள் பாஷையைப் பிடியுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்," என்றாள் தொலைபேசியில். அவள் கலியாணம் முடித்து பலெர்மோவுக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல். ஒரு மகள். தெரிந்த வீடொன்றில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை எனக்கு இருக்கிறதாம். அம்மா விழுந்து இடுப்பு முறிந்து, நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. அம்மாவை என்ன செய்வது என்று கேட்டேன். "முதல் நீங்கள் வாங்கோ. பிறகு அம்மாவையும் எடுப்பம்."

நான் குசினியில் புட்டு அவிய வைத்துவிட்டுப் படித்தேன். பஸ்ஸில் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். புத்தகம் என்னை வெள்ளைக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. இத்தாலியர்கள் 'மி பியாச்சே', அதாவது 'எனக்குப் பிடிக்கும்' என்பார்கள், 'நான் விரும்புகிறேன்' என்று சொல்லமாட்டார்கள், இது விசித்திரமாகத் தோன்றும், பயப்படாதீர்கள் என்று இரண்டு பக்கத்துக்கு ஆறுதல் சொன்னது. எனக்கு அதில் என்ன விசித்திரம்? எனக்குப் புட்டுப் பிடிக்கும், அவ்வளவுதான். 'நான்' என்று சொல்லாமலே வினையின் முடிவில் ஆள் தெரியும் என்றும் எச்சரித்தது. 'வாறன்' என்றால் யார் வருவது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. ஆனால் கதிரை பெண்பால், மேசை ஆண்பால் என்பது மண்டையில் ஏற மறுத்தது. கைக்கான சொல் ஆண்பால்போல முடிந்துவிட்டுப் பெண்பாலாக நின்றது. அதற்காக ஒரு கிழமை புத்தகத்தைத் தொடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பால் கோப்பி கேட்டால் சிரிப்பார்கள், கதவைத் திறந்து கூப்பிட்டவரின் வீட்டுக்குள் போகும்போதுகூட 'பெர்மேஸ்ஸோ' என்று அனுமதி கேட்க வேண்டும் என்பதையெல்லாம் பாடமாக்கினேன். அம்மாவும் சேர்ந்துகொண்டார். தேத்தண்ணியை வாங்கும்போது 'கிராட்சியே' என்று நன்றி சொல்வார். நான் போனபிறகு தனக்கு யார் தேத்தண்ணி தருவது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வருடம் விசாப் படிவம் மாறிவிட்டது என்றாள் தங்கை. அடுத்த வருடம் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது, இன்னொன்று பார்க்கிறேன் என்றாள். "படிச்சுக்கொண்டிருங்கோ அக்கா, வீணாப் போகாது." இடையில் கிளிநொச்சி நகரத்துக்கு இடமாற்றம் வந்தது. எப்படியும் போகப்போகிறவள்தானே என்று வேண்டாமென்றேன். புளியங்குளத்திலிருந்து ஒரு கலியாணப் பேச்சும் வந்தது. மனைவியை இழந்தவர், சொந்த வயலில் கமம் செய்கிறவர். படத்தில் அடக்கமான முகம். நான் வெளிநாடு போகிறவள் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வழமைபோல வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தோம். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். தங்கை அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். ஒன்பது வயது மகள் மேசையிலிருந்து இத்தாலியனில் கேட்டாள், பெரியம்மா எப்போது வருவா, என் அறையில் படுக்கலாமா என்று.

தங்கை திரும்பாமலே பதில் சொன்னாள். "நோன் வியேனே. லாஷாலா ஸ்தூதியாரே. ஃபின்கே ஸ்தூதியா, ஸ்தா கோன் லா நோன்னா."

அவ வரமாட்டா. படிக்க விடு. படிக்கிறவரைக்கும் அம்மம்மாவோடு இருப்பா.

எல்லாம் சின்னச் சின்ன வசனங்கள். 'ஃபின்கே' என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் முதல் பத்துப் பாடத்துக்குள் வந்தவை. நான் அவ்வளவு தூரம் படித்திருப்பேன் என்று அவள் எண்ணவில்லை. அவளோடு தமிழில்தான் கதைப்பேன். விமான நிலையத்தில் இறங்கியதும் இத்தாலியனில் கதைத்து அவளை அதிரவைக்க வேண்டும் என்று ஒளித்து வைத்திருந்தேன்.

"ஓ கபீதோ," என்றேன். விளங்கிவிட்டது.

மகள் கைதட்டினாள். "அம்மா, பெரியம்மா இத்தாலியன் கதைக்கிறா!"

தங்கை பானையோடு திரும்பினாள். "அக்கா... நான் சும்மா பிள்ளைக்குச் சொன்னனான்."

"பிள்ளைக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறாய். எனக்கு ஏன் பொய் சொன்னனி?"

"நீங்கள் வந்தால் அம்மாவை ஆர் பாக்கிறது?"

"அதை என்னட்டைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் நிண்டிருப்பன்."

அவள் அழத் தொடங்கினாள். "அம்மாதான் சொன்னவா. உங்களைக் கூப்பிட வேண்டாமாம். ஆனால் இல்லையெண்டு சொன்னால் நீங்கள் கலியாணம் கட்டிக்கொண்டு போயிடுவியளாம்."

அம்மா எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓமோ அம்மா?"

"தனியக் கிடந்து செத்துப்போவன் எண்டு பயந்திட்டன் பிள்ளை."

தொலைபேசியை நிறுத்தினேன். குளிசை போடுகிற நேரம். தண்ணீரும் குளிசையும் எடுத்துக் கொடுத்தேன். அம்மா விழுங்கிவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தந்தார். மூன்று வருடமாக நான் வினைச்சொற்களைப் பாடமாக்குவதை, அது எங்கும் கொண்டுபோகாது என்று தெரிந்துகொண்டே, அந்தக் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சிலவேளை சிரித்துமிருக்கிறார்.

இரண்டு மாதம் தங்கையின் அழைப்பை எடுக்கவில்லை. இடமாற்றத்துக்குத் திரும்ப எழுதினேன், கிடைத்தது. பகலில் அம்மாவோடு இருக்கப் பக்கத்து வீட்டு அக்காவை ஒழுங்கு செய்தேன். புளியங்குளத்துக்காரருக்கு அதற்குள் கலியாணம் முடிந்துவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையின் மகளோடு மட்டும் இத்தாலியனில் கதைக்கிறேன். என் பிழைகளைப் பெரிய ஆசிரியைபோலத் திருத்துகிறாள். தங்கை அந்த நேரம் அறைக்குள் வருவதில்லை.

நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போதெல்லாம் எத்தனை மணிக்கு வருவாய் என்று அம்மா கேட்கிறார். நாலு மணி என்கிறேன். நாலு மணிக்கு வந்தும்விடுகிறேன். மற்றபடி நாங்கள் அதிகம் கதைப்பதில்லை.