ஒரு பிரியதத்தம் சொல்லும் நேரம்

காலை ஆறு மணி தாண்டியிருக்கும். மாதா கோவிலில் காலைச் செபத்துக்கான திரிகால மணி அடித்து ஓய்ந்திருந்தது. பலகையில் மல்லாந்து கிடந்த நான் முதலில் கண்டது தண்ணீர். கொல்லைக் கதவின் அடியில் புகுந்து, மண்தரையில் நீண்டு, என் பலகையின் ஓரம்வரை வந்து நின்றது. குடம் விழுந்த சத்தம் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். அது எனக்கு நினைவில்லை. தண்ணீர்தான் நினைவில் நிற்கிறது.

கதவுக்கு அப்பாலிருந்து என் மனைவி ஆரோக்கியத்தின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்லங்க. வழுக்கிருச்சு. நீங்க அசையாதீங்க."

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். முந்தைய வருஷம் இதே ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்திருந்தோம். எழ முயன்றேன். இடுப்பிலிருந்து இடது கெண்டைக்கால்வரை நெருப்புக் கம்பி இழுத்தது போல இருந்தது. மறுபடி விழுந்தேன். அவளோ கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் இருப்பது ஒரு கதவு. அதைத் திறக்க என்னால் முடியவில்லை.

அதுவரை நான் செய்த செபமெல்லாம் என் இடுப்பைப் பற்றியது. அன்று முதல் தடவையாக வேறு விதமாகக் கேட்டேன். "தேவமாதாவே, என் இடுப்பு எப்படியும் போகட்டும். இவளையும் பிள்ளையையும் காப்பாற்ற ஓர் ஆளை அனுப்பும்." அவ்வளவுதான். அழுதேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் ராயப்பன்பட்டி. கொஞ்சம் நெல் வயல் உண்டு. மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குக் கம்பம் பள்ளத்தாக்குச் செய்திகளை எழுதி அனுப்புவதும் உண்டு. கண்டதை ஒரு மாதிரியும் கேள்விப்பட்டதை வேறு மாதிரியும் எழுத வேண்டும் என்பது அங்கே கற்றது. இதில் எழுதுவதெல்லாம் நான் கண்டது.

1938-ஆம் வருஷம் தை மாதம், நெல் மூட்டை ஒன்றை வண்டியில் ஏற்றக் குனிந்து, தூக்கியபடியே உடம்பைத் திருப்பினேன். இடுப்பில் ஏதோ பிடித்தது. மூட்டையை விட்டேன்; நிமிர முடியவில்லை. பற்றுப் போட்டார்கள். தவிட்டு ஒத்தடம் கொடுத்தார்கள். பிறகு, எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைச் செய்தோம். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்த ஆளைக் கூப்பிட்டு, அவர் காலால் முதுகை மிதிக்கச் சொன்னால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது நம்பிக்கை. கீழத் தெரு வேலப்பன் அப்படிப் பிறந்தவர். நல்ல மனிதர், நல்ல கனம். அவர் மிதித்த பிறகுதான் வலி காலுக்கு இறங்கியது.

எலும்பு நழுவிவிட்டது, அசைந்தால் ஒடிந்துபோகும் என்று உறவினர் சொன்னார்கள். நான் அதை நம்பினேன். தவக்காலம் வந்ததும், அசையாமல் கிடப்பதையே தபசாக ஒப்புக்கொடுத்தேன். மாதா எழுப்பும்வரை பலகையை விட்டு எழுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். மாட்டுக்கும் வீட்டுக்கும் தண்ணீர் சுமந்தவள் ஆரோக்கியம்.

அந்தப் பங்குனிக் காலையில் சத்தம் கேட்டு ஓடி வந்தவர் பக்கத்து வீட்டுச் சூசையம்மாள். எனக்கு மதினி முறை. ஆரோக்கியத்தை எழுப்பி உள்ளே கூட்டி வந்து படுக்க வைத்தார்.

"மடத்து அம்மா நம்ம தெருவுக்கு வந்திருக்காக. காச்சக்காரப் பிள்ளையப் பாக்க வந்தாகளாம். நான் கூட்டியாரேன்" என்று போனார்.

அவர் சொன்னது கிளாரம்மாளை. பக்கத்து ஊரில் கன்னியர் நடத்தும் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்காரச் சகோதரி. 1914-இல் மூண்ட பெரிய சண்டையில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு உடம்பு பிடித்துவிடவும், அப்பியாசம் கொடுத்து நடக்க வைக்கவும் தம் தேசத்தில் படித்தவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று அவர் வந்தது ஆரோக்கியத்துக்காக. வயிற்றில் கை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பிள்ளை உயிரோடு இருக்கிறது. ஆனால் தலை மேலே இருக்கிறது, கால் கீழே. இந்தத் தாய் இனிமேல் குடம் சுமக்கக் கூடாது. யார் சுமப்பார்?"

கிளாரம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"இவர் யார்? ஏன் படுத்திருக்கிறார்?"

"வீட்டுக்காரர். இடுப்பு எலும்பு நழுவிருச்சும்மா. மாதாவுக்கு நேந்துக்கிட்டு கெடக்காக" என்றாள் ஆரோக்கியம்.

"மாதா இவரைப் படுக்கச் சொன்னார்களா?"

சூசையம்மாள் சிரித்துவிட்டார். கிளாரம்மாள் சிரிக்கவில்லை. பலகைக்கு அருகே முழந்தாளிட்டார். காலை மடக்காமல் உயர்த்திப் பார்த்தார். கட்டைவிரலை மேலே இழுக்கச் சொன்னார். பாதத்தில் ஊசி முனையால் தொட்டு, தெரிகிறதா என்றார். சிறுநீர் அடைக்கிறதா, பிட்டம் மரத்துப்போகிறதா என்றும் கேட்டார். அப்படி இருந்தால் அன்றே மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டுமாம். எனக்கு அது இல்லை.

"எலும்பு அதன் இடத்தில் இருக்கிறது. ஒரு நரம்பு சினந்திருக்கிறது. அதைக் காக்கச் சுற்றியுள்ள சதை இறுகிப்போயிற்று. நீர் படுத்தே கிடந்ததால் அந்தச் சதை மெலிந்தும் போயிற்று. இனிமேல் அசைவுதான் மருந்து."

எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. அப்பியாசத்துக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லும் நேரம். பூசை முடிந்து வீட்டுக்கு ஓடுபவர் மாதிரிச் சொல்லக் கூடாது. மாதா காதில் விழ வேண்டும்."

பிரியதத்தம் என்பது மாதாவை வாழ்த்தும் சின்னச் செபம். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் உயர்த்தி ஒரு பிரியதத்தம். மல்லாந்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி ஒரு பிரியதத்தம். கையும் முழந்தாளும் ஊன்றி, முதுகை மேலே வளைத்து ஒன்று, இறக்கி ஒன்று. நேர்ச்சை பற்றிப் பங்குச் சுவாமியாரிடம் கேட்டனுப்பினேன். அதை மாற்றி, இந்தச் செபத்தை ஒப்புக்கொடுக்கும்படி சொல்லி அனுப்பினார்.

முதல் நாட்கள் பயமாக இருந்தன. கிளாரம்மாள் சொல்லியிருந்தார்: வலி காலில் கீழே இறங்கினால் குறைத்துக்கொள்ள வேண்டும். இடுப்பை நோக்கி ஏறினால் குணமாகிறது என்று பொருள். தைரியமாகச் செய்யலாம். வலி கெண்டைக்காலை விட்டது. பிறகு தொடையை விட்டது. வாரத்துக்கொரு தடவை அவர் வந்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து இடுப்பைப் பிடித்துவிட்டுப் போவார். தினமும் தெருக்கோடிவரை நடக்கச் சொன்னார். நடந்தேன்.

"ஏலே சவரிமுத்து, செபம் பண்றியா, பிள்ளைய முதுகுல ஏத்த இப்பவே யானையாட்டம் பழகுறியா?" என்பார் சூசையம்மாள். ஆனால் நான் எழும்வரை எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சுமந்தவர் அவர்தான்.

சித்திரையில் கிணற்றுக்குப் போனேன். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை குடம் எடுத்துத் தண்ணீருக்குப் போவதில்லை. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வெலகுங்கடி, புது மருமக வந்திருக்காக" என்றாள் ஒருத்தி.

"சேலை எங்கண்ணே? அவசரத்துல மறந்துட்டு வந்துட்டீகளா?" என்றாள் மற்றொருத்தி.

"துவைக்கப் போட்டிருக்கேன் தாயி, காயட்டும்" என்றேன்.

கிளாரம்மாள் சொன்னபடி, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சின்னக் குடத்தை நெஞ்சோடு சேர்த்து எழுந்தேன். திரும்பும்போது இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்தேன். எழும்போது வாய் தானாகப் பிரியதத்தம் சொல்லிற்று. வீட்டில் குடத்தை இறக்கியபோது ஆரோக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வைகாசிக் கடைசியில் ஒரு பகலில் அவளுக்கு வலி எடுத்தது. அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றினேன். தை மாதம் நெல் மூட்டை ஏற்றிய அதே வண்டி. பிள்ளையின் தலை கடைசிவரை கீழே திரும்பவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஜெபமாலையோடு நின்றேன். அழுகைச் சத்தம் கேட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சர்வேசுரனுக்கு நன்றி. இரண்டு உயிருக்காகக் கேட்டேன். மூன்று பேருக்கு உதவி கிடைத்தது. இன்று வயலில் குனிகிறேன், அறுக்கிறேன், மூட்டையும் ஏற்றுகிறேன். காலையில் அந்த அப்பியாசத்தையும் செபத்தையும் விட்டதில்லை. இடுப்பு நோவோடு படுத்திருக்கும் சகோதரரே, சகோதரிகளே, தாயிடம் கேளுங்கள். அனுப்பப்பட்டவர் வாசலில் வந்து நின்று எழுந்திரு என்றால், வலிக்குப் பயந்து மறுக்காதீர்கள்.

போன வாரம் தேவாரம் என்ற ஊரிலிருந்து ஒருவர் வண்டி கட்டி வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "மாமா, உங்க பாப்பா வந்து ஒரு மிதி மிதிச்சா போதும்னு சொன்னாக" என்றார். அவர் வண்டியிலேயே ஏறி, கிளாரம்மாளிடம் கூட்டிப்போனேன்.

என் மகள் காலால் பிறந்தவள். இதுவரை யார் முதுகையும் அவள் மிதித்ததில்லை.