பூப்போட்ட உறை

புதுக்கடை என்ற ஊரில் கம்ப்யூட்டர் விற்று, பழுது பார்க்கும் எனக்கு, என்னிடம் கம்ப்யூட்டர் வாங்கிய ஒரு அக்காவைக் கண்டாலே அலுப்புத் தட்டும். கடற்கரை ஊரிலிருந்து பஸ்ஸில், சிபியுவைச் சாக்குப் பையில் போட்டு மூன்று தடவை தூக்கி வந்துவிட்டார். வளைகுடாவில் இருக்கும் மகனோடு வெள்ளிக்கிழமைதோறும் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் விளையாடுவாராம். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கார் திணறித் திணறி நிற்கிறதாம்.

கடையில் போட்டுப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. மெமரியை மாற்றினேன், ஃபேனை மாற்றினேன். மூன்றாம் தடவை எரிந்து விழுந்தேன்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா. ஒங்களுக்குத்தான் ஓட்டத் தெரியல."

"அவனும் அப்பிடித்தான் நெனைக்கான் தம்பி. அம்மைக்கு முடியாது, விட்டுரலாம்ங்கான். ஒருக்கா வீட்டுல வந்து பாப்பியளா?"

வேண்டாவெறுப்பாகப் போனேன். அவர் விளையாடிக் காட்டினார். கார் திணறியது. சிபியுவுக்கு வேதப்புத்தகத்துக்குத் தைப்பதுபோல அளவெடுத்து, பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். தொட்டால் சுட்டது.

"இத ஏன்க்கா போட்டிய?"

"வாங்கும்போ நீங்கதானே சொன்னிய, உப்புக்காத்து ஆகாது, மூடியே வையுங்கன்னு."

சொல்லியிருந்தேன். அணைத்த பிறகு மூடுங்கள் என்று சொல்லவில்லை.

உறையைக் கழற்றிச் சூடு ஆறியதும் கார் பறந்தது. அவர் உடனே மகனை அழைத்தார். "மக்களே, மெஷினுதான் கேடு. கடைக்காரத் தம்பி வீடு தேடி வந்து சரியாக்கித் தந்தாரு."

நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது யாராவது இரண்டாம் தடவை வந்தால், பெட்டியைத் திறக்கும் முன் நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்று கேட்கிறேன். கெட்டது மெஷின் இல்லை, என் அரைகுறைச் சொல்தான் என்ற உண்மையை அந்த அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.