மாத்திரை தின்ற ரோசாச்செடி

அம்மாமார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா வேலையில், அழுகிற பிள்ளையைக்கூடச் சமாளித்துவிடலாம்; இன்னும் பிறக்காத பிள்ளையின் அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. தோட்டத்துக்குத் தோட்டம் தொட்டில் ஆட்டுகிற அக்கா தங்கச்சிமாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மறைத்த வயிறு

மேல் லயத்து வரிசை வீடொன்றில் இருக்கிற யோகாவுக்கு அது தலைப்பிள்ளை. நாலு மாதமாகியும் யாரிடமும் மூச்சு விடவில்லை. கொழுந்துச் சுமையோடு வழுக்குகிற மலையில் ஏறி இறங்கினாள். ஒரு நாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்திலேயே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, "கிளினிக்குல பதிஞ்சியாடி?" என்று கேட்டேன்.

"சத்தமாப் பேசாதீங்கக்கா. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி தெரிஞ்சா கண்ணு பட்டுரும். யாராச்சும் கேட்டா பித்தம்னு சொல்லிருங்க."

வாசலில் பூத்தது

கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பதிய வைத்தேன். ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த மாதமும் முகம் வெளுத்தே இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், வாசல் ரோசாச்செடியின் அடியில் மாத்திரைகள் கரைந்து கிடக்கின்றன! மாமியார் பார்வதி அக்காவின் யோசனையாம். மாத்திரை தின்றால் பிள்ளை பெருத்துவிடும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டி வரும் என்று பயம். அதே பயத்தில் சோறும் அரை வயிறு. செடி மட்டும் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருந்தது. யாரையும் திட்டிப் பழக்கமில்லாதவள் நான். முருகா முருகா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். யோகாவுக்குச் சிரிப்பு.

"சின்னதாப் பொறந்தா என்னக்கா? காம்பராவுல நீங்க இருக்கீங்கதானே, வளத்துர மாட்டீங்களா?"

முதல் பால்

பிறந்தது ஒரு கைக்குள் அடங்குகிற பெண் குழந்தை. தாய்ப்பால்தான் இதைக் காப்பாற்றும் என்று பிரசவம் பார்த்த நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தார். மறுநாள் விபூதி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிஸ்ஸி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, பார்வதி அக்கா மருமகளின் மஞ்சள் பாலை ஒரு கோப்பையில் பீய்ச்சிக் கொண்டிருந்தார், கீழே ஊற்ற. அது கெட்ட பாலாம். குழந்தைக்குப் பக்கத்தில் சீனித்தண்ணீர் தயார்.

எனக்கு வந்ததே கோபம்! வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "ஏன் அரட்டுற? என் அஞ்சு புள்ளைக்கும் இப்பிடித்தான் செஞ்சேன்" என்றார் அவர்.

"அந்த அஞ்சும் இப்ப எங்கக்கா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். மிஞ்சியது இரண்டுதான் என்று தோட்டத்துக்கே தெரியும். பார்வதி அக்கா கோப்பையை வைத்தார். குழந்தையைத் தூக்கி யோகாவின் மார்பில் சேர்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு எனக்கு யாராச்சும் இப்பிடிக் கத்திச் சொல்லியிருக்கக் கூடாதா, தங்கச்சி?"

இப்போது குழந்தை என் காம்பராத் தொட்டிலை உதைத்து உடைக்கிறாள், மாத்திரையை யோகாவே விழுங்குகிறாள், அந்த லயத்தில் இளைத்துப்போனது ரோசாச்செடி ஒன்றுதான்.